கைக்கடிகாரம் காட்டும் 'ஸ்ட்ரெஸ்' எண்: எதற்கு உதவும், எங்கே வழிதவறவைக்கும்

கையில் கட்டும் ஸ்மார்ட் வாட்சும் விரலில் போடும் ஸ்மார்ட் மோதிரமும் இப்போது 'உங்கள் ஸ்ட்ரெஸ் 68' என்று சொல்கின்றன. நாள்பட்ட பதற்றத்தோடு போராடும் பலருக்கு அவற்றை வாங்கத் தூண்டும் முதல் காரணமே இந்த வசதிதான். அதனால் இந்த விமர்சனம் அடி எண்ணிக்கை, ஜிபிஎஸ், பேட்டரி பக்கமெல்லாம் போகவில்லை. பகல்நேர ஸ்ட்ரெஸ் எண், இரவுநேர இதயத்துடிப்புக் கணக்கு, மூச்சுப்பயிற்சித் திரை ஆகிய மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, பதற்றம் உள்ள ஒருவருக்கு இவை எந்த அளவுக்குக் கைகொடுக்கும் என்று பார்க்கிறது.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். பகலில் ஏறி இறங்கும் ஸ்ட்ரெஸ் எண்ணை வைத்து எந்த முடிவும் எடுக்காதீர்கள். இரவுக் கணக்கு உதவும், ஆனால் அதை வாரக்கணக்கில் பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும். மூச்சுத்திரைதான் இந்தக் கருவிகளின் மிக உருப்படியான பகுதி. அது மெனுவுக்குள் எங்கோ கிடக்கிறது, ஸ்ட்ரெஸ் எண்ணோ முகப்பிலேயே மின்னுகிறது. இந்த வரிசை தலைகீழாக இருந்திருக்க வேண்டும்.

எண் எங்கிருந்து வருகிறது

கடிகாரத்தின் அடிப்பக்கம் பச்சை விளக்குகள் எரிவதைப் பார்த்திருப்பீர்கள். ரத்தம் பச்சை ஒளியை நன்றாக உறிஞ்சும். ஒவ்வொரு துடிப்பிலும் தோலுக்கடியில் ரத்தம் பெருகும்போது திரும்பி வரும் ஒளி குறைகிறது, வடியும்போது கூடுகிறது. இந்த ஏற்ற இறக்கத்தை வைத்து, ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் நடுவே எத்தனை மில்லிநொடி என்று கருவி கணக்கிடுகிறது.

நிமிடத்துக்கு 72 துடிப்பு என்றால் துடிப்புகள் 833 மில்லிநொடிக்கு ஒன்றாக மணியடித்தாற்போல வருவதில்லை. மூச்சை இழுக்கும்போது இதயம் கொஞ்சம் விரைகிறது, விடும்போது தணிகிறது. இதைச் செய்வது மூளையிலிருந்து இதயத்துக்கு வரும் வேகஸ் நரம்பு. உடல் ஓய்வில் இருக்கும்போது இந்த நரம்பின் கை ஓங்கியிருக்கும், இடைவெளிகளும் அதிகம் மாறும். உடல் முடுக்கத்தில் இருக்கும்போது மாறுபாடு சுருங்கும். இந்த மாறுபாட்டைத்தான் ஹெச்ஆர்வி என்கிறார்கள்.

கணக்கு எளியதுதான். ஐந்து இடைவெளிகள் 800, 850, 820, 860, 810 மில்லிநொடி என்று வைத்துக்கொள்வோம். அடுத்தடுத்த வித்தியாசங்கள் 50, 30, 40, 50. இவற்றின் வர்க்கங்களைக் கூட்டினால் 7500. நான்கால் வகுத்தால் 1875. அதன் வர்க்கமூலம் ஏறக்குறைய 43. இந்த 43 மில்லிநொடிதான் ஆர்எம்எஸ்எஸ்டி எனப்படும் அளவு.

இப்போது கை அசைந்ததால் நடுவில் ஒரே ஒரு துடிப்பைச் சென்சார் தவறவிட்டது என்று வையுங்கள். 820-உம் 860-உம் ஒட்டிக்கொண்டு 1680 என்று ஒரே இடைவெளியாகப் பதிவாகிறது. அதே கணக்கைப் போட்டால் 43 இருந்த இடத்தில் ஏறக்குறைய 695 வந்து நிற்கும். ஒரு துடிப்பு தவறியதற்கு இத்தனை பெரிய பிழை! இப்படிப்பட்ட துடிப்புகளைக் கண்டுபிடித்து ஒதுக்க மென்பொருள் முயல்கிறது, பெரும்பாலும் ஒதுக்கியும் விடுகிறது. ஆனால் பட்டை தளர்வாக இருந்தாலோ, கை குளிர்ந்திருந்தாலோ, சென்சார் படும் இடத்தில் பச்சை குத்தியிருந்தாலோ வடிகட்டுவதற்கே நல்ல தரவு மிஞ்சாது. மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரல் அகலம் மேலே, நழுவாத ஆனால் தோலில் தடம் பதியாத இறுக்கத்தில் கட்டுவதுதான் சரி. தினமும் அதே கையில்.

உடல் முடுக்கம் வேறு, மனக்கவலை வேறு

கருவி அளப்பது உடலின் முடுக்கத்தை. அந்த முடுக்கம் எதனால் வந்தது என்று அதற்குத் தெரியாது. மாடிப்படி ஏறி வந்து உட்கார்ந்த ஐந்தாவது நிமிடம், வயிறு நிறையச் சாப்பிட்ட பிறகு, வெக்கையான அறை, காய்ச்சல் தொடங்கும் நாள், நண்பரோடு விழுந்து விழுந்து சிரித்த மாலை: எல்லாமே கருவிக்கு 'ஸ்ட்ரெஸ்'தான். காபி குடித்தாலும் சிலருக்கு எண் ஏறும்.

இதற்கு நேர்மாறான பிழைதான் எனக்கு அதிகக் கவலை தருகிறது. ஒருவர் நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்து மூன்று மணி நேரம் 'அப்படி ஆகிவிட்டால் என்ன செய்வது, இப்படி ஆகிவிட்டால் என்ன செய்வது' என்று மனதுக்குள் ஓட்டிக்கொண்டே இருக்கலாம். நாள்பட்ட கவலை பெரும்பாலும் சொற்களாக ஓடுவது. அப்படி ஓடும்போது இதயம் பெரிதாகத் துள்ள வேண்டிய கட்டாயம் இல்லை. கடிகாரம் அந்த மூன்று மணி நேரத்தையும் 'ஓய்வு' என்று நீல நிறத்தில் காட்டிவிடக்கூடும். துன்பத்தில் இருப்பவருக்கு 'உனக்கு ஒன்றுமில்லை' என்று ஒரு கருவி சான்றிதழ் கொடுப்பது சின்ன விஷயமல்ல.

நெதர்லாந்தின் லைடன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைப் பெரிய அளவில் சோதித்து 2025-இல் வெளியிட்டார்கள். ஏறக்குறைய 800 இளைஞர்கள் மூன்று மாதம் கார்மின் நிறுவனத்தின் விவோஸ்மார்ட் 4 கருவியைக் கட்டிக்கொண்டார்கள். நாளுக்கு நான்கு முறை, இப்போது எவ்வளவு ஸ்ட்ரெஸ், எவ்வளவு களைப்பு என்று அவர்களே பதிவு செய்தார்கள். கடிகாரத்தின் ஸ்ட்ரெஸ் எண்ணுக்கும் அவர்கள் சொன்ன ஸ்ட்ரெஸுக்கும் கிட்டத்தட்டத் தொடர்பே இல்லை. களைப்பு விஷயத்தில் கொஞ்சம் தொடர்பு தெரிந்தது. தூங்கிய நேரத்தில்தான் கடிகாரம் ஓரளவு தேறியது. ஒரே மாடலை வைத்து, இளவயதினரிடம் நடந்த ஆய்வு என்பதை மறக்கக் கூடாது. ஆனாலும் மற்ற கருவிகளும் இதே இதயத்துடிப்பை அடித்தளமாக வைத்தே கணிக்கின்றன.

தமிழில் இந்தக் குழப்பம் இன்னும் ஒரு படி கூடுதல். 'மன அழுத்தம்' என்ற ஒரே சொல்லை வேலைப்பளுவால் வரும் நெருக்கடிக்கும் சொல்கிறோம், மனச்சோர்வு நோய்க்கும் சொல்கிறோம். 'எனக்கு மன அழுத்தம்' என்று ஒருவர் சொன்னால் அவர் ஸ்ட்ரெஸைச் சொல்கிறாரா, எதிலும் ஈடுபாடில்லாமல் முடங்கிக் கிடப்பதைச் சொல்கிறாரா என்று கேட்டுத்தான் தெரிந்துகொள்ள முடியும். பதற்றம் மூன்றாவது: நடக்காத ஒன்றை எதிர்பார்த்து உடலும் மனமும் காவல் நிற்பது. கடிகாரத்தின் எண் இந்த மூன்றில் எதையும் பிரித்துக் காட்டாது.

எந்தக் கருவி என்ன செய்கிறது

கார்மின் 0 முதல் 100 வரை எண் தருகிறது. 25 வரை ஓய்வு, 26 முதல் 50 வரை குறைவு, 51 முதல் 75 வரை நடுத்தரம், அதற்கு மேல் அதிகம். இதன் கணக்குமுறை ஃபர்ஸ்ட்பீட் என்ற ஃபின்லாந்து நிறுவனத்துடையது. 2020-இல் கார்மின் அதை வாங்கிக்கொண்டது. நீங்கள் நடமாடும்போது கணக்கை நிறுத்திவிட்டு வரைபடத்தில் இடைவெளி விடுவது இதன் நல்ல குணம். அளக்க முடியாததை அளந்ததுபோல் காட்டாமல் இருப்பதே ஒரு நேர்மை.

ஃபிட்பிட்டின் ஸ்ட்ரெஸ் மேனேஜ்மென்ட் ஸ்கோர் தலைகீழ்: எண் கூடினால் நல்லது. கார்மினிலிருந்து மாறி வந்தவர்கள் இதில் தடுமாறுவார்கள். 2020-இல் வந்த சென்ஸ் மாடலில் தோலின் மின்கடத்தும் திறனை அளக்கும் சென்சார் சேர்ந்தது. உள்ளங்கையைக் கடிகார முகப்பின் மேல் வைத்து அசையாமல் இருந்தால் வியர்வைச் சுரப்பிகளின் சிறு துடிப்புகளைப் பதிவு செய்யும். 2022-இல் வந்த சென்ஸ் 2 இதையே நாள் முழுக்கத் தானாகச் செய்து, மாற்றம் தெரிந்தால் 'இப்போது எப்படி உணர்கிறீர்கள்?' என்று கேட்கிறது. எண்ணைத் திணிக்காமல் கேள்வி கேட்கும் இந்த அணுகுமுறை எனக்குப் பிடித்திருக்கிறது. வியர்வை மனக்கிளர்ச்சிக்கும் வரும், வெயிலுக்கும் வரும். இரண்டையும் பிரிக்க மனிதரைத்தான் கேட்டாக வேண்டும்.

ஆப்பிள் வாட்ச் ஸ்ட்ரெஸ் எண் என்று எதையும் தன் பெயரில் தரவில்லை. ஹெச்ஆர்வியைப் பதிவு செய்து ஹெல்த் ஆப்பில் வைத்துவிடுகிறது. ஆனால் அது மேலே பார்த்த ஆர்எம்எஸ்எஸ்டி இல்லை, எஸ்டிஎன்என் என்ற வேறு வாய்பாடு. கார்மினின் இரவு எண்ணையும் ஆப்பிளின் எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது கிலோவையும் லிட்டரையும் ஒப்பிடுவதுபோல. 2023 முதல் மனநிலையைப் பதிவு செய்யும் வசதியும், பதற்றம், மனச்சோர்வு இரண்டுக்குமான நிலையான கேள்வித்தாள்களும் அதே ஆப்பில் இருக்கின்றன. ஆப்பிள் கருவியில் பதற்றக்காரருக்கு மிகவும் பயன்படுவது அந்தக் கேள்வித்தாள்தான். அதற்குக் கடிகாரமே தேவையில்லை.

ஊரா மோதிரம் 2023 முதல் பகல்நேர ஸ்ட்ரெஸைக் காட்டுகிறது. எண்ணைவிட மண்டலங்களாகப் பிரித்துக் காட்டுவதால், 61-ஆ 64-ஆ என்று உழலும் வேலை குறைகிறது. மோதிரத்தில் திரை இல்லாததும் பதற்றக்காரருக்கு ஒரு வரம். பார்க்க வேண்டுமென்றால் ஃபோனை எடுக்க வேண்டும். அந்தச் சின்னத் தடையே பல தடவை காப்பாற்றும்.

இரவுக் கணக்கைப் படிக்கும் முறை

தூங்கும்போது கை அதிகம் அசைவதில்லை, பேச்சில்லை, படி ஏறுவதில்லை. அதனால் ஹெச்ஆர்வியை நம்பிப் பார்க்கத் தகுந்த நேரம் அது ஒன்றுதான். கார்மினின் ஹெச்ஆர்வி ஸ்டேட்டஸ் முதல் மூன்று வாரம் எதுவும் சொல்லாமல் உங்கள் வழக்கமான எல்லையைக் கற்றுக்கொண்டு, பிறகு ஏழு நாள் சராசரியை அதோடு ஒப்பிடுகிறது. வேறு கருவி வைத்திருப்பவர்களும் இதே வழக்கத்தைக் கைக்கொள்ளலாம்: முதல் 21 இரவுகளுக்கு எண்ணை எழுதி மட்டும் வையுங்கள், பொருள் தேடாதீர்கள்.

அடுத்தவர் எண்ணோடு ஒப்பிடவே கூடாது. வயது கூடக்கூட ஹெச்ஆர்வி இயல்பாகவே குறையும். ஒரே வயதுக்காரர்கள் இருவரில் ஒருவருக்கு 25-உம் மற்றவருக்கு 80-உம் இருக்கலாம், இருவருமே ஆரோக்கியமாக இருக்கலாம்.

ஒரு இரவு எண் விழுந்தால் விட்டுவிடுங்கள். முந்தைய நாள் மது, படுக்கும் முன் பெரிய சாப்பாடு, பிந்திய கடும் உடற்பயிற்சி, சளி பிடிக்கத் தொடங்குவது, மாதச் சுழற்சியின் பிற்பாதி எல்லாம் எண்ணைக் கீழே தள்ளும். ஏழு நாள் சராசரி உங்கள் எல்லைக்குக் கீழே இரண்டு வாரம் தொடர்ந்து கிடந்து, கூடவே ஓய்வுநேர இதயத்துடிப்பும் வழக்கத்தைவிட நான்கைந்து துடிப்பு ஏறியிருந்தால் காரணம் தேட வேண்டிய நேரம். அப்போதும் தேடும் வரிசை முக்கியம். காய்ச்சல் அல்லது தொற்று, தூக்கக் குறைவு, மது, புதிதாகத் தொடங்கிய மருந்து, உடற்பயிற்சி மிகுதி, ரத்தசோகை, தைராய்டு ஆகியவற்றையெல்லாம் தாண்டிய பிறகுதான் 'ஸ்ட்ரெஸ்' என்ற முடிவுக்கு வரலாம். எடுத்த எடுப்பில் ஸ்ட்ரெஸ் மேல் பழிபோட்டு, தைராய்டு மிகையாகச் சுரப்பதைக் கவனிக்காமல் விடுவது நடக்கக்கூடிய தவறு. நெஞ்சு படபடப்பு, கை நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை என்று அதன் அடையாளங்கள் பதற்றத்தைப் போலவே இருக்கும்.

மருந்துகள் எண்ணை இரண்டு பக்கமும் இழுக்கும். படபடப்புக்காகத் தரப்படும் ப்ரோப்ரனலால் போன்ற பீட்டா பிளாக்கர்கள் துடிப்பைக் குறைப்பதால் கடிகாரத்தில் எல்லாம் அழகாகத் தெரியும். கவலை அப்படியே இருக்கலாம். அமிட்ரிப்டிலின் போன்ற பழைய வகை மனச்சோர்வு மருந்துகள் ஹெச்ஆர்வியைக் குறைக்கும். நோயாளி மனதளவில் தேறிக்கொண்டிருக்கும்போதே கடிகாரம் மோசம் என்று சொல்லும். அதைப் பார்த்து மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. இதயத்துடிப்பு ஒழுங்கற்று இருப்பவர்களுக்கும் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்களுக்கும் இந்தக் கணக்கே பொருந்தாது.

நாள்பட்ட ஸ்ட்ரெஸ் உடலில் என்ன செய்கிறது என்பதற்கு இது ஒரு சிறு ஜன்னல் மட்டுமே. ஸ்ட்ரெஸ் ஆய்வின் முன்னோடி ஹான்ஸ் செல்யே 1936-இல் எழுதிய காலத்திலிருந்து இந்தத் துறை வளர்ந்து, 1993-இல் புரூஸ் மெக்கீவனும் எலியட் ஸ்டெல்லரும் 'அலோஸ்டேட்டிக் லோட்' என்ற கருத்தை முன்வைத்தார்கள். உடல் தன்னைத் திரும்பத் திரும்பச் சரிக்கட்டிக்கொள்வதால் ஏறும் தேய்மானச் சுமை என்று அதைச் சொல்லலாம். அந்தச் சுமையை அளக்க ரத்த அழுத்தம், இடுப்புச் சுற்றளவு, ரத்தச் சர்க்கரை, கொழுப்பு, ஸ்ட்ரெஸ் ஹார்மோனான கார்டிசால் என்று பலவற்றைச் சேர்த்துப் பார்க்கிறார்கள். பல ஆண்டு ஸ்ட்ரெஸின் பாதிப்பை அறிய விரும்புகிறவருக்கு, மேல்கையில் கட்டும் சாதாரண ரத்த அழுத்தக் கருவி ஸ்ட்ரெஸ் எண்ணைவிட அதிகம் சொல்லும்.

மூச்சுத்திரை: இதற்காகவே வைத்துக்கொள்ளலாம்

திரையில் ஒரு வட்டம் விரிந்து சுருங்கும், அல்லது மணிக்கட்டில் மெல்லிய அதிர்வு வரும். அதற்கேற்ப மூச்சை இழுத்து விட வேண்டும். பார்க்க ஏதோ விளையாட்டுபோலத் தோன்றும் இதன் பின்னால் உறுதியான உடலியங்கியல் இருக்கிறது.

ரத்த அழுத்தம் ஏறினால் இதயத்தைத் தணிக்கவும், இறங்கினால் முடுக்கவும் உடலில் ஓர் அனிச்சைச் சுற்று இருக்கிறது. அது ஒரு சுற்று முடிய ஏறக்குறைய 10 நொடி எடுக்கும். மூச்சும் 10 நொடிக்கு ஒன்று, அதாவது நிமிடத்துக்கு 6 என்று அமைந்தால் இரண்டு அலைகளும் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். ஊஞ்சலைச் சரியான தருணத்தில் தள்ளுவதுபோல. அப்போது இதயத்துடிப்பின் ஏற்ற இறக்கம் பெரிதாகிறது. இந்த வேகம் ஆளுக்கு ஆள் சற்று மாறும். பெரியவர்களில் பெரும்பாலோருக்கு நிமிடத்துக்கு 4.5 முதல் 6.5 மூச்சுக்குள் இருக்கும்.

உங்கள் வேகத்தைக் கண்டுபிடிக்கக் கடிகாரத்தின் வேக அமைப்பை மாற்ற முடிய வேண்டும். வாங்கும்முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்: மூச்சின் வேகத்தை மாற்ற முடியுமா, குறைந்தது 5 வரை இறக்க முடியுமா? முடியும் என்றால் முதல் நாள் நிமிடத்துக்கு 6.5, 6, 5.5, 5, 4.5 என்று ஒவ்வொரு வேகத்திலும் இரண்டு நிமிடம் மூச்சு விட்டுப் பாருங்கள். நடுவே ஒரு நிமிடம் சாதாரண மூச்சு. எந்த வேகத்தில் மூச்சு திணறாமல், இதயத்துடிப்பு வரைபடம் அகலமான அலையாக ஏறி இறங்குகிறதோ அதுவே உங்களுடையது. அரை அளவுகளில் மாற்ற முடியாத கருவியில் 6-உம் 5-உம் மட்டும் முயன்றால் போதும். இழுக்க 4 நொடி, விட 6 நொடி என்ற பிரிவோடு தொடங்கினால் பெரும்பாலோருக்குச் சுலபமாக இருக்கும்.

இந்த முறையில் ஆய்வு செய்தவர்கள் பயிற்சி செய்பவர்களுக்கு வகுத்த அளவு நாளுக்கு இரண்டு முறை, ஒவ்வொன்றும் 20 நிமிடம், பல வாரங்கள். இது பலருக்குத் தாங்காது. நாளுக்கு 10 நிமிடத்தில் தொடங்கினால் போதும், தவறாமல் செய்தால். கடிகாரங்கள் தானாகத் தரும் ஒரு நிமிட அமர்வு ஒரு கணத்து ஆறுதலுக்கு உதவுமே தவிர பயிற்சியாக ஆகாது. செட்டிங்ஸில் போய் நேரத்தை நீட்டி வையுங்கள். 2023-இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் வெளியிட்ட ஓர் ஆய்வில், இரட்டை மூச்சிழுப்பு போட்டு நீளமாக விடும் பெருமூச்சுப் பயிற்சியை நாளுக்கு 5 நிமிடம் ஒரு மாதம் செய்தவர்களின் மனநிலை, தியானம் செய்தவர்களுடையதைவிடக் கூடுதலாகத் தேறியது. மூக்கால் ஒரு மூச்சு இழுத்து, அது நிறைந்ததும் மேலே இன்னும் ஒரு சின்ன இழுப்பு, பிறகு வாயால் மெதுவாக முழுவதும் விடுவது. கருவிகளின் வட்டத்துக்கு இது பொருந்தாது. கண்ணை மூடிக்கொண்டு செய்யலாம்.

எங்கே தவறுகிறது? 'ஆழ்ந்த மூச்சு' என்ற சொல்லில்தான். மெதுவாக விட வேண்டிய மூச்சைப் பெரிதாகவும் இழுத்தால் உள்ளே போகும் காற்றின் மொத்த அளவு கூடிவிடும். ரத்தத்தில் கரியமில வாயு குறையும். விரல்நுனி, உதட்டோரம் மரத்துப்போகும், தலை லேசாகச் சுற்றும். பதற்றக்காரருக்கு இது அப்படியே பேனிக் தாக்குதலின், அதாவது திடீரென உச்சத்துக்கு ஏறும் பயத்தின், தொடக்கம்போலத் தெரியும். பயந்து இன்னும் வேகமாக இழுப்பார், நிலைமை மோசமாகும். 'எனக்கு மூச்சுப்பயிற்சி ஒத்துவராது' என்பவர்களில் பலருக்கு நடப்பது இதுவாக இருக்கலாம். தீர்வு: இழுப்பைச் சிறிதாக்குங்கள். பக்கத்தில் இருப்பவருக்கே சத்தம் கேட்காத அளவு மெல்லிய மூச்சு, தோள் தூக்காமல், வயிறு மட்டும் அசையும்படி. அப்போதும் தலை சுற்றினால் வேகத்தை 7-க்கு ஏற்றிக்கொண்டு ஒரு வாரம் பழகிவிட்டு மெல்ல இறக்குங்கள். நாள்பட்ட நுரையீரல் நோயோ, மயங்கி விழும் வழக்கமோ இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்குவது நல்லது.

இன்னொன்று: பதற்றம் தலைக்கேறிய நேரத்தில் முதன்முதலாக முயலாதீர்கள். நல்ல நாளில் பழகியது மட்டுமே கெட்ட நாளில் கைக்கு வரும்.

யாருக்கு இது கேடு செய்யும்

பதற்றத்துக்குத் தீனி போடுவது சரிபார்ப்பு. நெஞ்சு லேசாகப் படபடக்கிறது, கடிகாரத்தைப் பார்க்கிறார், 104 என்று காட்டுகிறது, 'ஏன் இவ்வளவு?' என்ற பயத்தில் 112 ஆகிறது; திரும்பப் பார்க்கிறார். பேனிக் தாக்குதலின் அடிப்படை இயக்கமே இதுதான்: உடலின் சாதாரண அசைவை ஆபத்தாகப் பொருள்கொள்வது, அந்தப் பயம் அசைவை இன்னும் பெரிதாக்குவது. எண் இயல்பாக இருந்தால் ஒரு நிமிடம் நிம்மதி வரும். அந்த நிம்மதிக்காகவே பத்து நிமிடத்தில் மறுபடியும் பார்க்கத் தோன்றும். கேட்டு நிம்மதி தேடும் பழக்கத்துக்கு மணிக்கட்டில் ஒரு நிரந்தர வாசல் திறந்து வைத்ததுபோல.

தூக்கத்தில் இதே சிக்கலுக்கு 2017-இல் 'ஆர்த்தோசோம்னியா' என்று பெயரிட்டார்கள்: ஸ்லீப் டிராக்கர் காட்டும் மதிப்பெண்ணைச் சரியாக்க வேண்டும் என்ற கவலையே தூக்கத்தைக் கெடுப்பது. காலையில் நன்றாக எழுந்தவர் 'ஸ்கோர் 58' என்று பார்த்துவிட்டு நாள் முழுக்கச் சோர்ந்து கிடப்பது.

பேனிக் தாக்குதல் வருபவர்கள், உடல்நலக் கவலை அதிகம் உள்ளவர்கள், எண்ணத்திலேயே சிக்கிக்கொள்ளும் ஓசிடி இருப்பவர்கள் ஸ்ட்ரெஸ் எண் உள்ள கருவியை வாங்க வேண்டாம் என்பதே என் பரிந்துரை. ஏற்கெனவே வாங்கியிருந்தால் கடிகார முகப்பிலிருந்து இதயத்துடிப்பு, ஸ்ட்ரெஸ் இரண்டையும் எடுத்துவிடுங்கள். ஸ்ட்ரெஸ் அலெர்ட்டை அணைத்துவிடுங்கள். ஓய்வில் இருக்கும்போது துடிப்பு எல்லை மீறினால் எச்சரிக்கும் வசதி வேறு. இதயநோய் உள்ளவர்கள் அதை மருத்துவரைக் கேட்காமல் அணைக்கக் கூடாது. மற்றவர்களும் எல்லையை அவரோடு பேசி வைத்துக்கொள்ளலாம். தகவலைப் பார்ப்பதற்கு வாரத்தில் ஒரு நாள் ஒதுக்குங்கள். மற்ற ஆறு நாளும் நேரம் பார்க்க மட்டும்.

ஒரு வாரம் எண்ணிப் பாருங்கள்: ஒரு நாளில் எத்தனை முறை அந்தத் திரையைத் திறந்தீர்கள், திறந்த பிறகு நிம்மதியா, பதற்றமா? பத்து முறைக்கு மேல் போய், பெரும்பாலும் பதற்றமே மிஞ்சினால் கழற்றி அலமாரியில் வைப்பது தோல்வி இல்லை, சிகிச்சை.

கடிகாரம் கேட்காத கேள்விகள்

பதற்றம் கூடியிருக்கிறதா குறைந்திருக்கிறதா என்று அறிய ஏழு கேள்விகள் போதும். 2006-இல் வெளியான ஜிஏடி-7 என்ற கேள்வித்தாள், கடந்த இரண்டு வாரத்தில் பதற்றமாக உணர்ந்தது, கவலையை நிறுத்த முடியாமல் போனது, பலவற்றைப் பற்றி மிதமிஞ்சிக் கவலைப்பட்டது, உடலும் மனமும் தளர முடியாமல் இருந்தது, ஓரிடத்தில் உட்கார முடியாத பரபரப்பு, சட்டென எரிச்சல், ஏதோ மோசமாக நடக்கப்போகிறது என்ற அச்சம் ஆகியவை எவ்வளவு அடிக்கடி வந்தன என்று கேட்கிறது. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 21. 5 வந்தால் லேசானது, 10 நடுத்தரம், 15 கடுமையானது. 10 அல்லது அதற்கு மேல் என்றால் முறையான மதிப்பீட்டுக்குப் போக வேண்டும். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை போதும், அதுவும் ஒரே கிழமையில். இதுவும் நோயைத் தீர்மானிக்கும் கருவி இல்லை. ஆனால் அளக்க வேண்டியதை நேரடியாகக் கேட்கிறது.

கவலை ஓட்டத்துக்கு மூச்சுப்பயிற்சி மட்டும் போதாது. 1983-இல் உளவியலாளர் தாமஸ் போர்க்கோவெக்கும் சகாக்களும் சோதித்த ஒரு முறைக்குக் கடிகாரத்தின் அலாரம் நன்றாகப் பயன்படும். தினமும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் 30 நிமிடம் கவலைக்கென்றே ஒதுக்குங்கள்; படுக்கையறையும் படுக்கும் நேரமும் வேண்டாம். பகலில் கவலை எழும்போது நான்கு சொல்லில் எழுதி வைத்துவிட்டு 'மாலையில் பார்க்கலாம்' என்று கையிலிருக்கும் வேலைக்குத் திரும்புங்கள். அலாரம் அடித்ததும் உட்கார்ந்து பட்டியலை எடுத்து, செய்யக்கூடியது இருந்தால் அடுத்த சிறு செயலை எழுதுங்கள். செய்ய எதுவும் இல்லாத கவலையை அந்த நேரத்திலேயே கவலைப்பட்டுத் தீருங்கள். நேரம் முடிந்ததும் எழுந்துவிட வேண்டும். முதல் வாரம் கவலை சொன்னபடி கேட்காது, ஒரே கவலையைப் பத்துத் தடவை எழுத வேண்டியிருக்கும். மூன்று நான்கு வாரம் கொடுத்துப் பாருங்கள்.

மருத்துவரிடம் போகும்போது தினசரி ஸ்ட்ரெஸ் வரைபடத்தைக் காட்டாதீர்கள்; அதை வைத்து அவர் எதுவும் செய்ய முடியாது. ஒரே தாளில் நான்கு வரி எழுதிக்கொண்டு போங்கள்: கடந்த மூன்று மாதத்தில் ஓய்வுநேர இதயத்துடிப்பின் வாரச் சராசரி, சராசரியாகத் தூங்கிய நேரம், ஜிஏடி-7 மதிப்பெண்கள் தேதியோடு, இப்போது எடுக்கும் மருந்துகளும் காபி, மது அளவும். நெஞ்சுவலி, மயக்கம், இதயம் தாறுமாறாகத் துடிப்பது போன்றவை இருந்தால் அதற்கெல்லாம் காத்திருக்காமல் உடனே போங்கள். வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் வந்திருந்தால் அன்றைக்கே ஒருவரிடம் சொல்லுங்கள். கடிகாரத்தில் எண் 20 என்று இருந்தாலும்.